ஒருத்தருக்காக எல்லாரும் மாறணுமா?

சனிக்கிழமை சரவணம்பட்டியில் நம் புரோகிராமர்கள் கூட்டத்தில் நடந்ததை வந்தவர்கள் எல்லாரும் பார்த்தீர்கள், திரும்ப விவரிக்கப் போவதில்லை. கோடு, அதாவது புரோகிராம், எழுதும்போது வரிகளை உள்ளே தள்ளி எழுதுவதைப் பற்றி அந்தத் தம்பி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஸ்பேஸுக்குப் பதிலா டேப் வெச்சுக்கலாங்களாண்ணா?" அதற்கு ஒரு சீனியர் "ஒருத்தருக்காக எல்லாரும் மாறணுமா?" என்றார், பாதிப் பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

அவனுக்குப் பார்வை கிடையாது. விரலால் தடவிப் படிக்கிற அவனுடைய பிரெய்ல் டிஸ்ப்ளேயில் ஒரு வரிக்கு 40 கட்டம்தான், ஒரு ஸ்பேஸுக்கு ஒரு கட்டம் போய்விடும். நாலு நாலு ஸ்பேஸாக மூன்று படி உள்ளே போனால் 12 கட்டம் வெறும் காலி, விரல் அத்தனையையும் தாண்டித்தான் எழுதியிருப்பதைத் தொட வேண்டும். டேப் என்றால் அவன் படிக்கு ஒரு கட்டமாக வைத்துக்கொள்வான், நீங்கள் உங்கள் திரையில் நாலோ எட்டோ வைத்துக்கொள்ளலாம். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் நாலு ஸ்பேஸ்தான் முறை என்பார்கள். பைத்தானை எப்படி எழுத வேண்டும் என்று 2001-இல் வந்த வழிகாட்டியான பெப் 8 அப்படித்தான் சொல்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டையும் கலக்காத வரை டேப்பிலும் பைத்தான் ஓடும். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும், பார்வையில்லாதவர்கள் உலகம் முழுக்க வைத்திருக்கும் என்விடிஏ ஸ்கிரீன் ரீடரே பெரும்பாலும் பைத்தானில் எழுதியதுதான். 2006-இல் அதைத் தொடங்கிய மைக்கேல் கரன், அவரோடு சேர்ந்து அதை வளர்த்த ஜேம்ஸ் டே இருவருக்கும் பார்வை கிடையாது. அதன் பைத்தான் கோடில் வரியை உள்ளே தள்ளுவது டேப்பால்தான்.

அப்புறம், படிக்க முடியாத கோடு பார்வையில்லாதவனுக்கு மட்டும்தான் சிரமம் என்று யார் சொன்னது? திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு நானே பில்லிங் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு தொகையையும் வைத்துக்கொள்ளும் வேரியபிளின் பெயரெல்லாம் ஏ1, ஏ2, எக்ஸ். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, வரியை மாற்றச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஏ2 என்பது வரிக்கு முந்தைய தொகையா பிந்தைய தொகையா என்று எனக்கே தெரியவில்லை. பழைய பில் கட்டைப் பிரித்து வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க விடிந்துவிட்டது. முதலாளி பாவம், டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கண் நன்றாகத்தானே தெரிந்தது!

வேகம் குறையும், பழகிய கை மாறாது என்கிறவர்களுக்கு நான் பதிலே சொல்லப் போவதில்லை. உங்கள் வேகத்துக்காக ஒருவன் தினமும் காலிக் கட்டங்களைத் தடவிக்கொண்டிருக்க வேண்டுமா?

அன்று ராத்திரி அவனிடமிருந்து மெசேஜ் வந்தது. "பரவால்லீங்ணா, நானே மாத்திப் படிச்சுக்கறனுங்க."

திங்கட்கிழமை காலையில் எங்கள் புராஜெக்ட் முழுவதையும் டேப்புக்கு மாற்றினேன். வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.