பெயரைக் கேட்டாலே பிறந்த வருஷம் தெரிகிறது

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் பெயரெல்லாம் வாயிலேயே நுழைய மாட்டேங்குது" என்று புலம்பும் பதிவை வாரத்துக்கு ஒருவராவது பகிர்ந்துவிடுகிறார்கள். பகிர்கிறவர் யார் என்று பார்த்தால் ரமேஷ், சுரேஷ், தினேஷ். ஏன் சார், ரமேஷ் என்ன சங்க இலக்கியத்தில் வருகிற பெயரா? நீங்கள் பிறந்தபோது உங்கள் ஆச்சியும் இதையேதான் சொல்லியிருப்பார். "அதென்னல பேரு, புஸ்ஸு புஸ்ஸுன்னு? தாத்தா பேரு இருக்கைல" என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருப்பார்.

எனக்கு ரித்விக் மேலும் கோபமில்லை, ரமேஷ் மேலும் கோபமில்லை. ஆனால் இந்தப் பெயர்ப் புலம்பலில் எல்லோரும் தமிழா சமஸ்கிருதமா என்கிற ஒரே கேள்வியில் போய் நின்றுவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய ஒன்று நடந்து முடிந்துவிட்டது. முன்பெல்லாம் பெயரைச் சொன்னால் எந்த ஊர், எந்தக் கோயில் எல்லை என்று தெரியும், வயது தெரியாது. இப்போது பெயரைச் சொன்னால் எந்த வருஷம் பிறந்தது என்று கிட்டத்தட்ட சொல்லிவிடலாம். எந்த ஊர் என்று தலைகீழாக நின்றாலும் தெரியாது.

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் தாத்தா காலத்தில் பெயர் வைப்பது என்பது யோசிக்கிற விஷயமே கிடையாது. மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்ற ஆச்சி பெயர், அடுத்தடுத்ததுக்கு அம்மா வழி, அதற்குப் பிறகும் பிறந்துகொண்டே இருந்தால் குலதெய்வம், நேர்ந்துகொண்ட சாமி, அல்லது சின்ன வயதில் தவறிப்போன ஒரு சித்தப்பா. சுப்பையா மகன் மாடசாமி, மாடசாமி மகன் சுப்பையா, அந்தச் சுப்பையா மகன் மறுபடியும் மாடசாமி. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் சுற்றி வந்துகொண்டே இருக்கும்வரை பெயரில் ஃபேஷன் என்ற ஒன்று வரவே முடியாது. 1880-இல் பிறந்தவரும் மாடசாமி, 1940-இல் பிறந்தவரும் மாடசாமி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வீட்டில் பாதிப் பேருக்கு அந்தப் பெயரை வாயால் சொல்ல முடியாது. மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது, ஆச்சி புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது. பிள்ளை தெருவில் விளையாடிவிட்டு மண்ணோடு வந்தால் பெயர் சொல்லித் திட்டக்கூட முடியாது. அதனால் ராசா, பெரியவன், தம்பி, ஐயா என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொள்ளும். அதுவே கடைசிவரை நிற்கும். எண்பது வயதில் செத்துப்போன ஒருவருடைய உண்மையான பெயரைக் கருமாதிப் பத்திரிகையில் பார்த்துத்தான் ஊரில் பாதிப் பேர் தெரிந்துகொண்டார்கள் என்ற கதை எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒன்று இருக்கும்.

ஊர் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். நெல்லையப்பன், காந்திமதி என்றால் திருநெல்வேலி. சங்கரநாராயணன், கோமதி என்றால் சங்கரன்கோவிலைச் சுற்றி எங்கோ. மீனாட்சிசுந்தரம் மதுரை. தையல்நாயகி என்றால் வைத்தீஸ்வரன்கோயில் பக்கம், தாயுமானவன் என்றால் திருச்சி மலைக்கோட்டை, உண்ணாமலை என்றால் திருவண்ணாமலை, ஏகாம்பரம் என்றால் காஞ்சிபுரம். ஒரு இசக்கிமுத்து சென்னையில் எந்த ஆபீஸில் உட்கார்ந்திருந்தாலும், "அண்ணாச்சிக்கு ஊரு நாங்குநேரியா வள்ளியூரா?" என்று நம்பிக் கேட்கலாம், பெரும்பாலும் தப்பாது. இந்துக்களுக்கு மட்டும் இல்லை. நாகூர் தர்காவில் வேண்டிக்கொண்டு பிறந்தவர்கள் சாகுல் ஹமீதும் நாகூர் மீரானும் ஆனார்கள். வேளாங்கண்ணி மாதா பல தலைமுறைக்கு ஆரோக்கியசாமிகளையும் ஆரோக்கியமேரிகளையும் கொடுத்தாள். தூத்துக்குடிக் கடற்கரையில் சூசை, சவரிமுத்து, ராயப்பன், சின்னப்பன். இப்போது அந்த வீடுகளிலெல்லாம் ஜோயலும் ஏஞ்சலினும் வந்துவிட்டார்கள்.

சரி, இதைப் படித்துவிட்டு "ஆகா, அந்தக் காலம்" என்று உருகுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். ஊரைச் சொன்ன அதே பெயர் சாதியையும் சேர்த்தே சொன்னது. ஒரே கருப்பசாமிக்கு ஒரு தெருவில் கருப்பையா, அடுத்த தெருவில் வெறும் கருப்பன். 'சாமி' என்றோ 'ஐயா' என்றோ முடிகிற பெயரைத் தலித் வீட்டில் வைத்தால் மேல்தெருக்காரன் அந்தப் பையனைச் சாமி என்று கூப்பிட வேண்டி வருமே என்பதற்காகவே அதை விடாத ஊர்கள் பல. பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். வாலை வெட்டினார்கள், பெரிய காரியம்தான். ஆனால் முன்னால் இருக்கும் பெயரே காட்டிக்கொடுக்கிறதே, அதை என்ன செய்வது? அதற்கு மக்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பிள்ளைக்கு கார்த்திக் என்று வைத்தார்கள். கார்த்திக் எந்தத் தெரு என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தக் காலத்துப் பெயரில் ஊரும் இல்லை, மண்ணும் இல்லை என்று வருத்தப்படுகிறவர்கள் இதையும் ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பல பெற்றோர் ஆசைப்பட்டு வாங்கிக்கொண்ட வசதி அது.

இன்னொரு வகைப் பெயர் போயே போய்விட்டது, போனதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. பிறக்கிற பிள்ளையெல்லாம் தங்காமல் போன வீட்டில் அடுத்து பிறந்ததைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து குப்புசாமி, குப்பம்மாள் என்று வைப்பார்கள். சாமிக்கே பிச்சையாகக் கொடுத்து வாங்கியதுபோல் பிச்சை, பிச்சைமுத்து என்று வைப்பார்கள். எமனுக்கு இது மேல் கண் பட வேண்டாம் என்று. 1970-களின் தொடக்கத்தில்கூட தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தை பிறந்தால் நூறுக்கு மேல் ஒரு வயதுக்குள் இறந்துபோயின. 2020-இல் அது 13. தடுப்பூசியும் ஆரம்ப சுகாதார நிலையமும் வந்த பிறகு குப்பைமேட்டுக்கு வேலையில்லை, அந்தப் பெயரும் நின்றுபோனது. வரிசையாகப் பெண்ணாகப் பிறந்த வீட்டில் வைத்த 'போதும்பொண்ணு', 'வேண்டாம்' கதை வேறு. அந்தப் பெயரோடு பள்ளிக்கூடத்தில் தினமும் "உள்ளேன் ஐயா" சொன்ன பெண்களை நினைத்துப் பாருங்கள். அது போகட்டும், முழுசாகவே போகட்டும்.

பள்ளிக்கூடம் என்றதும் ஹெட்மாஸ்டர் ஞாபகம் வருகிறது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது, அது கிராமம்வரை போய் ஒழுங்காக ஆக இன்னும் பல வருஷம் பிடித்தது. அதுவரை பெயர் என்று காகிதத்தில் ஏறுவதே ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிற அன்றைக்குத்தான். கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் எதிர்க்காதைத் தொட்டால் வயசு ஆகிவிட்டது, பிறந்த தேதி ஜூன் மாதத்தில் ஏதோ ஒன்று, பெயர் "பேச்சிமுத்தா? பேச்சிமுத்துக்குமார்னு போட்டுக்கலாம், நல்லாருக்கும்." முடிந்தது. பேச்சியம்மனுக்கு நேர்ந்துகொண்டு வைத்த பெயர் எல்லாச் சர்டிபிகேட்டிலும் குமாரோடு வந்து நிற்கும். அந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்குப் பெயர் வைத்தது வாத்தியார்தான்.

தாத்தா பெயர் வரிசையை அறுத்த முதல் கத்தி அரசியல் என்றுதான் நினைக்கிறேன். வேதாசலம் 1916-இல் மறைமலை அடிகள் ஆனார். பிறகு நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். தலைவர்கள் தங்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள், தொண்டர்கள் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். 1950, 60-களில் பிறந்த தமிழ்ச்செல்வி, மலர்விழி, கயல்விழி, தேன்மொழி, இளங்கோவன், அறிவழகன் எல்லாம் அப்படி வந்தவர்கள்தான். கூடவே லெனின், போஸ், நேரு, காந்தி. மு.க.ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1, ரஷ்யாவின் ஸ்டாலின் இறந்தது மார்ச் 5. நாலு நாள் முன்னே பின்னே ஆகியிருந்தால் அவர் பெயரே வேறாக இருந்திருக்கலாம். வ.உ.சி.யின் கதை இதற்கெல்லாம் முந்தியது. பறிபோன வக்கீல் சன்னதைத் திரும்ப வாங்கிக்கொடுத்த வாலஸ் என்ற வெள்ளைக்காரருக்கு நன்றியாக மகனுக்கு வாலேஸ்வரன் என்று வைத்தார். வாலஸை ஈஸ்வரனாக்கிவிட்டார் மனுஷன், இன்றைக்குப் பெயர் வைக்கிறவர்களுக்கு அந்தக் குறும்பு வருமா?

எது எப்படியோ, முதல் முறையாகப் பெயர் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்தது, காலத்தோடு ஒட்டிக்கொண்டது. கயல்விழி என்றதும் அப்பா என்ன கட்சி என்று ஊகிக்கலாம், எந்தப் பத்து வருஷம் என்றும் ஊகிக்கலாம்.

அப்புறம் குமார்களின் காலம். இதை நான் வகுப்பறையில் உட்கார்ந்து பார்த்தவன். எண்பதுகளில் எங்கள் வருகைப் பதிவேட்டில் செந்தில்குமார் என்று ஆரம்பித்தால் வரிசையாக நாலைந்து பேர் எழுந்திருப்பார்கள். இனிஷியலை வைத்துக் கூப்பிடுவார் வாத்தியார், நாங்கள் கண்ணாடி செந்தில், நெட்டை செந்தில், கடைக்கார செந்தில் என்று பிரித்துக்கொள்வோம். சரவணகுமார், சிவகுமார், முத்துக்குமார், விஜயகுமார் தனி. பெண்கள் பக்கம் சுமதி, சாந்தி, வசந்தி போய் கவிதா, சங்கீதா, பிரியா வந்துகொண்டிருந்த நேரம். இந்தக் குமாரை நாம் கிண்டல் செய்கிறோம், ஆனால் அது ஒரு அருமையான சமரசம். ஆச்சிக்கு முருகன் பெயர் வேண்டும், அப்பாவுக்குப் பட்டணத்துப் பெயர் வேண்டும். செந்தில் ஆச்சிக்கு, குமார் அப்பாவுக்கு. எங்கள் பக்கத்தில் முனியாண்டி பேரன் முனீஸ்வரன் ஆகி, அவன் மகன் முனீஸ்குமார் ஆனதும் மாரியம்மாள் பேத்தி மாரிச்செல்வி ஆனதும் இப்படித்தான். பாதிச் சாமியையாவது காப்பாற்றிக்கொண்டார்கள்.

இன்றைக்கு அந்தச் சமரசமும் தேவையில்லை. ஏனென்றால் பிள்ளையே ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. ஆறு பிள்ளை இருந்தபோது தாத்தா, ஆச்சி, குலதெய்வம், தலைவர் எல்லோரையும் திருப்திப்படுத்திவிட்டு கடைசிப் பிள்ளைக்கு உங்களுக்குப் பிடித்த பெயரையும் வைக்கலாம். ஒற்றைப் பிள்ளையில் யாரைத் திருப்திப்படுத்துவது? யாரும் வேண்டாம், யாருமே வைக்காத பெயராக வைப்போம் என்று கணவனும் மனைவியும் ராத்திரி போனைத் தடவ ஆரம்பிக்கிறார்கள். எல்லா வீட்டிலும் அதே போன், அதே பட்டியல், அதே தேடல். கடைசியில் ஆத்விக், ரித்விக், சாத்விக், தன்விக் நாலு பேரும் ஒரே எல்கேஜியில் உட்கார்ந்திருக்கிறார்கள். தர்ஷினி, வர்ஷினி, ஹர்ஷினி முன் பெஞ்சில். யாரும் வைக்காத பெயரைத் தேடி எல்லோரும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்கிற இந்தக் கூத்து எனக்கு அலுக்கவே அலுக்காது.

இதற்கு நடுவில் ஜோசியர். நட்சத்திரப் பாதத்துக்கு ஓர் எழுத்து. திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு 'ங' என்று போட்டிருக்கும், அதில் யார் என்ன பெயர் வைப்பது? அங்கேயிருந்து வேறு எழுத்துக்கு நழுவ ஜோசியருக்கே ஒரு வழி உண்டு என்பது தனிக் கதை. ஆங்கில எழுத்துக் கணக்குப் பார்க்கிற நியூமராலஜிக்காரர் இன்னொரு பக்கம். 2001-இல் ஜெயலலிதாவே ஆங்கிலத்தில் தன் பெயருக்குக் கடைசியில் ஓர் 'ஏ' கூட்டிக்கொண்டார், நாம் எம்மாத்திரம்? கூப்பிடுவதில் ஒரு மாற்றமும் இருக்காது, ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் பிள்ளை ஆயுள் முழுக்க "டபுள் ஏ சார், கடைசியில் ஹெச் சார்" என்று சொல்லிக்கொண்டு நிற்கும்.

"தமிழ்ப் பெயர் அழியவில்லை, திரும்பி வருகிறதே" என்பார்கள் சிலர். உண்மைதான். யாழினி, இனியா, நிலா, ஆதிரை, கவின், முகிலன், ஆதவன் என்று ஐடி வேலை பார்க்கிறவர்கள் வீட்டிலும் வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டிலும் நிறையவே கேட்கிறேன், காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கவனியுங்கள், திரும்பி வருகிற பெயரில் எங்கள் ஆச்சி பெயர் எதுவும் இல்லை. எல்லாம் பாட்டுப் புத்தகத்திலிருந்தும் அகராதியிலிருந்தும் வருகிறது. பேச்சியம்மாள் தமிழ் இல்லையா? மாடத்தி? சுடலைமுத்துவை விடவா ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும்? தமிழ்ப் பற்றில் பெயர் தேடுகிற எந்த வீட்டிலும் இந்தப் பெயர்களை ஒருவரும் வாயால்கூட எடுப்பதில்லை. எடுத்தால் பிள்ளையைப் பள்ளியில் கேலி செய்வார்கள் என்பார்கள். அந்தப் பயம் நியாயமானது, எனக்கும் உண்டு. என் மகளுக்கு நானும் ஆச்சி பெயர் வைக்கவில்லை. அதற்காகப் பெரிய குற்ற உணர்ச்சி எல்லாம் கிடையாது, என் ஆச்சியே தன் பெயரை விரும்பியவர் இல்லை. "எனக்கு வச்சதே போதும், அதுக்கு ஒரு நல்ல பேரா வையி" என்றுதான் சொன்னார்.

இதெல்லாம் எங்கள் பக்கத்துக் கதை. உங்கள் வீட்டில் கடைசியாகத் தாத்தா பெயரோ குலதெய்வத்தின் பெயரோ அப்படியே வைக்கப்பட்டது யாருக்கு, எந்த வருஷம், எந்த ஊர் என்று கமெண்டில் போடுங்கள். கொங்குப் பக்கமும் டெல்டா பக்கமும் இருந்து கேட்க ரொம்ப ஆவலாக இருக்கிறேன். ரித்விக்கின் அப்பாக்கள் சண்டைக்கு வரலாம், ரமேஷ்கள் வரிசையில் நிற்கவும்.