தொட்டிச் செடி இருந்தால் பூங்கா வேண்டாமா?

"வீட்டில் நாலு தொட்டிச் செடி வைத்தாலே போதும், பூங்காவுக்குப் போகத் தேவையில்லை, நாசாவே நிரூபித்துவிட்டது" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றிக்கொண்டிருக்கிறது. நாசா அப்படிச் சொல்லவில்லை.

1989-இல் வெளியான அந்த நாசா அறிக்கை பூங்காவைப் பற்றியதே அல்ல. காற்றுப் புகாத சிறிய பெட்டிகளுக்குள் செடியை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற காற்றில் கலந்த நச்சுப் பொருள்கள் எவ்வளவு குறைகின்றன என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். வீடு அப்படியா இருக்கிறது? ஜன்னல், கதவிடுக்கு வழியாகக் காற்று போய் வந்துகொண்டே இருக்கும். அந்தக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகளே செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடிகள் வரை வேண்டும் என்று, பழைய சோதனைகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்ட 2019-ஆம் ஆண்டு மறுஆய்வு ஒன்று சொல்கிறது. அப்புறம் மனுஷன் எங்கே படுப்பது?

பூங்கா தருவது வேறு. நடை, நிழல், குழந்தைகள் ஓட இடம், நாலு பேரைப் பார்ப்பது. நகரவாசிகளுக்கு வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள், அதாவது ஐந்து நிமிட நடையில், குறைந்தது அரை முதல் ஒரு ஹெக்டேர் பொதுப் பசுமைவெளி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2017-இல் வெளியிட்ட கையேட்டில் உள்ள பொது அளவுகோல். கையேடு அவர்கள் தளத்திலும், 1989 அறிக்கை நாசாவின் ஆவணத் தளத்திலும் இலவசமாகவே கிடைக்கின்றன, நீங்களே பார்க்கலாம்.

செடி வளர்ப்பது நல்ல விஷயம்தான், தாராளமாக வளருங்கள். இந்தச் செய்தியை மட்டும் மேற்கொண்டு அனுப்பாதீர்கள், ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அந்தக் குழுவிலேயே 'இது தவறு' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.