வேண்டிய ஆகாரமா, அனுதின உணவா?

போன வாரம் எங்கள் பெரியம்மாவின் முப்பதாம் நாள் ஜெபம், யாங்கோனில் வீட்டிலேயே. பெரியப்பா பக்கம் பாப்டிஸ்ட், பெரியம்மா பக்கம் கத்தோலிக்கர். இயேசு கற்பித்த கர்த்தர் ஜெபம் சொல்ல ஆரம்பித்தால் வரிக்கு வரி உரசும். சோற்று வரி வந்ததும் நேராக மோதல். பாதிப் பேர் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" என்கிறார்கள், மீதிப் பேர் "எங்கள் அனுதின உணவை" என்கிறார்கள்.

காப்பி குடிக்கும்போது ஒரு தம்பி போனை நீட்டினான். "அண்ணே, கிரேக்கத்தில பாத்தா இதுக்கு இரட்டிப்பு ஆசீர்வாதம்னு அர்த்தமாம், ஒரு பிரசங்கத்துல சொன்னாங்க."

சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. சபையில் யாருக்கும் கிரேக்கம் தெரியாது என்ற தைரியத்தில் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாமா?

'வேண்டிய', 'அனுதின' என்று நாம் சொல்லும் இடத்தில் கிரேக்கத்தில் இருக்கும் வார்த்தை எபியூசியோஸ். புதிய ஏற்பாட்டில் மத்தேயு 6:11, லூக்கா 11:3 இரண்டே இடங்களில், இதே ஜெபத்தில் மட்டும் வருகிறது. கிரேக்கத்திலேயே பேசி எழுதிய வேத அறிஞர் ஓரிகன் 3-ம் நூற்றாண்டிலேயே கைவிரித்துவிட்டார்: இதை யாரும் பேச்சில் புழங்குவதில்லை, சுவிசேஷகர்களே உண்டாக்கிய சொல்போல இருக்கிறது என்று. எகிப்தியப் பாப்பிரஸ் ஒன்றில், வீட்டுச் செலவுக் கணக்கில், இந்தச் சொல் இருப்பதாக 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஒருவர் படித்துச் சொன்னார். பிறகு அந்தத் தாளே காணாமல் போனது. 1998-ல் கிடைத்தபோது பார்த்தால், அங்கே இருந்தது 'எண்ணெய்'!

இந்தச் சொல்லை இரண்டு விதமாகப் பிரிக்கிறார்கள். கிரேக்கத்தில் 'ஊசியா' என்றால் இருப்பு. அப்படிப் பிரித்தால் உயிர் தரிக்கத் தேவையான உணவு. 'எபியூசா' என்றால் அடுத்த நாள். அப்போஸ்தலர் 16:11-ல் பவுல் மறுநாள் நெயாப்போலிக்குப் போனதை இந்தச் சொல்லால்தான் எழுதியிருக்கிறது. அப்படிப் பார்த்தால் நாளைய சோறு. வேதாகமத்தை லத்தீனுக்குக் கொண்டுவந்த எரோனிமுஸ் லூக்காவுக்கு 'அன்றாட' என்பதை வைத்துக்கொண்டு, மத்தேயுவுக்கு மட்டும் 'இருப்பைக் கடந்த' என்று ஒரு வார்த்தையைப் போட்டார். ஒரே சொல், ஒரே கை, இரண்டு மொழிபெயர்ப்பு. இதில் இரட்டிப்பு எங்கிருந்து வந்தது? வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து விழுந்த மன்னா என்ற உணவை ஆறாம் நாள் மட்டும்தான் இரட்டிப்பாகச் சேர்த்தார்கள். மற்ற நாளில் மிச்சம் வைத்தது பூச்சி பிடித்தது.

என் ஓட்டு 'வேண்டிய' பக்கம். பாப்டிஸ்ட் என்பதால் சொல்லவில்லை. தேவையானது, கேட்டு நிற்பது, இரண்டும் அந்த ஒரு சொல்லில் அடங்குகிறது. பர்மாவுக்கு வந்த பாப்டிஸ்ட் மிஷனரி ஜட்சனும் 1830-களில் பர்மிய வேதாகமத்தில் "உயிர் வளர்க்கப் போதுமான" ஆகாரம் என்றுதான் எழுதினார். "என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" என்று நீதிமொழிகள் 30:8-லும் இருக்கிறது. படியளக்கிறவர் என்று நாம் சொல்வதும் அதுதானே.

ஆனால் 'நாளைய' என்பதையும் என்னால் தள்ள முடியவில்லை. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாமல் போனபோது, பெரியப்பா சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே நாளில் வெறும் காகிதம். அதற்குப் பிறகு பெரியம்மா பணமாக எதையும் வைத்ததில்லை. எட்டுப் பால் டின் அரிசி ஒரு பியி, அது பர்மியப் படி; கடைசிவரை அந்த டின்தான் அவருக்கு அளவு. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை அள்ளி மறுபடி மூட்டையில் போடுவார். "எதுக்கு பெரியம்மா?" என்றால், "நாளைக்கு" என்பார்.

கத்தோலிக்க வீட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். ஜெபத்தில் அந்த வரி வந்தால் குரலைத் தணித்துக்கொள்வார். ஆகாரம் என்றாரா, உணவு என்றாரா, பக்கத்தில் உட்கார்ந்தும் எனக்குக் கேட்டதில்லை.