"பிராக்டிஸ் பண்ணுங்க" சரி, எப்படிப் பண்றது?

இசைப்பள்ளி வகுப்பு முடியும்போது ஆசிரியர் கடைசியாகச் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "வீட்டுல நல்லா பிராக்டிஸ் பண்ணிட்டு வாங்க." எப்படிப் பண்ணுவது என்று கேட்டுப் பாருங்கள். "தினமும் பண்ணுங்க" என்பார்கள். இந்தப் பதிலின் மேல் எனக்கு வெகுநாள் மனத்தாங்கல்.

வாரத்துக்கு ஒரு வகுப்பு. அரை மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி. மற்ற ஆறு நாளும் பிள்ளை வாத்தியத்தோடு தனியாகத்தான் மல்லுக்கட்ட வேண்டும். விரலும் காதும் பழகுவது அந்த ஆறு நாளில்தான். விரல் எங்கே வைப்பது, வில்லை எப்படிப் பிடிப்பது, சுரக்குறிப்பை எப்படிப் படிப்பது எல்லாம் பாடத்திட்டத்தில் இருக்கிறது. தனியாக உட்கார்ந்து சாதகம் செய்வது எப்படி என்பதும் ஒரு வித்தைதான், அதையும் யாராவது சொல்லித்தர வேண்டும் என்ற நினைப்பு மட்டும் பல பள்ளிகளுக்கு இல்லை. போகப்போகத் தானாக வந்துவிடுமாம்.

சொல்லித்தராத பிள்ளை வீட்டில் என்ன செய்யும் தெரியுமா? பாட்டை முதலிலிருந்து வாசிக்கும். ஒன்பதாவது தாளக்கட்டில் தடுமாறும். உடனே மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே ஒன்பதில் இடறும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், ஏற்கெனவே நன்றாக வந்த எட்டும் இன்னும் மெருகேறியிருக்கும். அந்த ஒன்பதாவதோ ஒவ்வொரு முறையும் தப்பாகவே வாசிக்கப்பட்டிருக்கும். விரலுக்குச் சரி, தப்பு தெரியாது. எதை அடிக்கடி செய்கிறோமோ அதைப் பிடித்துக்கொள்ளும். தப்பையும் சேர்த்துத்தான் சாதகம் செய்திருக்கிறோம் என்பது அடுத்த வகுப்பில் தெரியவரும். அங்கே என்ன கேட்பார்கள்? "பிராக்டிஸ் பண்ணலையா?" பாவம், அது பண்ணியிருக்கிறது.

வயலின் கற்கிறவர்களுக்குத் தெரிந்த ஓர் இடத்தையே எடுத்துக்கொள்வோம். இடது கை வயலின் கழுத்தில் முதல் நிலையிலிருந்து (கை வைக்கும் இடம்) மூன்றாம் நிலைக்கு நகர்கிறது. போய்ச் சேரும் சுரம் கொஞ்சம் தாழ்ந்தே விழுகிறது. இருபது தடவை முழுப் பாட்டையும் வாசித்தாலும் இது சரியாகாது. பாட்டை ஓரமாக வைத்துவிட்டு, அந்த இரண்டு சுரங்களை மட்டும் எடுக்க வேண்டும். முதலில் குற்றவாளி எந்தக் கை என்று பார்க்க வேண்டும். இடது கையை விட்டுவிட்டு வெறும் கம்பியில் வில்லை மட்டும் அதே தாளத்தில் இழுத்துப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். வில் ஒழுங்காகப் போகிறதென்றால் கோளாறு இடது கையில். அங்கேயும் பல நேரம் விரலைக் குறை சொல்லிப் பயனில்லை. கட்டைவிரல் வயலின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே தங்கிவிடும். அதைத் தளர்த்தி, கையோடு சேர்ந்து நகரவிட்டு, ஆமை வேகத்தில் அந்த இரண்டு சுரங்கள். பிடிபட்டதும் முன்னால் ஒரு சுரம், பின்னால் ஒரு சுரம். அப்புறம் அந்த வரி. அப்புறம்தான் பாட்டு. பத்து நிமிஷ வேலை. ஆனால் இப்படிப் பிரித்துப் பார்க்கப் பத்து வயதுப் பிள்ளைக்குத் தானாகத் தோன்றுமா?

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி சாதகம் வீட்டில் மற்றவர்களுக்குக் கேட்கச் சகிக்காது. ஒரே இடம், ஒரே கீச்சு. கூடத்தில் இருப்பவர்கள் தலையாட்டி ரசிக்கிறார்கள் என்றால், உள்ளே நடப்பது பெரும்பாலும் கச்சேரி.

இதெல்லாம் என் சொந்தச் சரக்கு இல்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இசைக்கல்வி ஆய்வாளர் ராபர்ட் டியூக் குழுவினர் 17 பியானோ மாணவர்களிடம் ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் பியானோ கான்செர்டோவிலிருந்து (வாத்தியக்குழுவோடு சேர்ந்து பியானோ வாசிக்கும் படைப்பு) ஒரு சிறு பகுதியைக் கொடுத்துப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். எல்லாரும் நன்றாகவே வாசிக்கத் தெரிந்தவர்கள். மறுநாள் மறுபடி வாசிக்க வைத்தார்கள். 2009இல் வெளியான முடிவு இது: எவ்வளவு நேரம் பயிற்சி செய்தார்கள், எத்தனை தடவை வாசித்தார்கள் என்பதற்கும் மறுநாள் வாசிப்பின் தரத்துக்கும் தொடர்பு இல்லை. முன்னணியில் வந்தவர்களும் தப்பு விடாமல் இல்லை. தப்பு எங்கே, எதனால் என்று பிடித்து, வேகத்தைக் குறைத்து, அந்த இடம் நிலைப்படும்வரை அதையே வாசித்துவிட்டுத்தான் மேலே போனார்கள். தேர்ந்தவர்களுக்குள்ளேயே இந்த வித்தியாசம் என்றால் புதிதாகக் கற்பவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் எதிலும் மேதை ஆகலாம் என்று எல்லாரும் சொல்லும் கணக்கையும் பார்த்துவிடுவோம். அதன் மூலம் 1993இல் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் கூட்டாளிகளும் பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களை வைத்து எழுதிய கட்டுரை. சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் தனியாகச் செய்த பயிற்சியின் சராசரிதான் அந்தப் பத்தாயிரம். அவ்வளவு நேரம் உட்கார்ந்தால் எவரும் மேதை ஆகிவிடலாம் என்று எரிக்சன் சொல்லவில்லை. குறையைக் குறிவைத்துத் திருத்துகிற பயிற்சியைப் பற்றித்தான் அவர் பேசினார். நம் கையில் மிஞ்சியது மணிக்கணக்கு மட்டும். அதனால்தான் பெற்றோர் செல்போனில் அலாரம் வைத்து "அரை மணி ஆச்சா?" என்று கேட்கிறார்கள். பிள்ளையும் ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கிறது.

படிப்படியாக எழுதும் கிரேடு பரீட்சை இதை இன்னும் கெடுக்கிறது. பரீட்சையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்பின் செய்முறைத் தேர்வில் மொத்தம் 150 மதிப்பெண். மூன்று பாடல்களுக்கு 90, மிச்சம் 60 ஸ்கேல் (சுரவரிசை), சுரக்குறிப்பைப் பார்த்தவுடன் வாசித்தல், செவித்திறன் ஆகியவற்றுக்கு. வகுத்தவர்கள் யோசித்துத்தான் வகுத்திருக்கிறார்கள். ஆனால் வருஷம் முழுக்க அந்த மூன்று பாடல்களையே உருப்போட்டு, மற்றதைக் கடைசி மூன்று வாரத்தில் திணிக்கும் பள்ளிகள் எத்தனையோ. சான்றிதழ் சுவரில் தொங்கும். புதிதாக ஒரு தாளை எடுத்து வைத்தால் நாலு வரி நகராது.

சீராகத் தட்டி வேகம் காட்டும் மெட்ரோனோமும் அப்படித்தான். மேல்சல் என்பவர் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1815இல், அதாவது இருநூறு வருஷத்துக்கும் மேலாக மெதுவாக வாசிக்க உதவும் கருவி கையில் இருக்கிறது. நாம் அதை முழு வேகத்தில் ஓடவிட்டுப் பின்னாலேயே துரத்துகிறோம்.

ஜப்பானிய வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசுகியின் முறையில் பெற்றோரும் வகுப்பில் உட்கார்ந்து, குறிப்பெடுத்து, வீட்டில் கூடவே இருக்க வேண்டும். எல்லா வீட்டிலும் அதற்கு நேரம் இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதற்குப் பள்ளியே ஒரு வழி செய்யலாம். வகுப்பில் கடைசிப் பத்து நிமிஷம் ஆசிரியர் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு, "வீட்டுல எப்படிப் பண்ணுவியோ அப்படிப் பண்ணிக் காட்டு" என்று சும்மா பார்க்கட்டும். முதலிலிருந்து ஓடுகிறதா, தப்பைத் தாண்டிப் போகிறதா, எங்கே நிறுத்துகிறது என்பதெல்லாம் கண்முன்னே தெரிந்துவிடும். நோட்டில் "பாடம் 12, தினமும்" என்று எழுதுவதற்குப் பதில், "இரண்டாம் வரி, மூன்றாவது விரல் நகரும் இடம், முதலில் வில் மட்டும்" என்று எழுதித்தரட்டும்.

"அதுக்கெல்லாம் நேரம் எங்கே சார்? போர்ஷன் முடிக்கணுமே" என்பார்கள். போன வாரம் சொன்னதையே இந்த வாரமும் சொல்லிக்கொண்டிருப்பதில்தான் அந்த நேரம் போகிறது.

பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்களோ, இந்த வயதில் தாங்களே சேரப் போகிறவர்களோ, கட்டணம் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: வகுப்பு இல்லாத நாளில் எப்படிச் சாதகம் செய்வது என்று இங்கே சொல்லித்தருவீர்களா? "தினமும் அரை மணி நேரம் வாசிச்சா போதும்" என்று பதில் வந்தால், இன்னொரு பள்ளியையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.