எந்த ஆயில் சார் ஊத்தணும்?

பைக்குக் கையேட்டில் என்ஜின் ஆயிலின் கெட்டித்தன்மை 20டபிள்யூ-50 என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. கடைக்காரரோ, "10டபிள்யூ-30 ஊத்துங்க சார், மைலேஜ் அள்ளும்" என்கிறார். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் ஜாஸோ எம்பி என்று தரக் குறியீடு. அது ஸ்கூட்டருக்கு. கியர் வண்டியின் கிளட்ச் தட்டுகள் ஆயிலிலேயே ஊறிக் கிடப்பவை. வழுக்கல் கூடிய ஆயிலை ஊற்றினால் ஆக்ஸிலரேட்டரை முறுக்க முறுக்க சத்தம்தான் வரும், வண்டி நகராது. கியர் வண்டிக்கான எம்ஏ2 ரகம் கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான் சார்!" ஒன்றுதான் என்றால் எதற்கு இத்தனை கலரில் டப்பா?

சரி, தேடிப் பிடித்து வாங்கியாயிற்று. வண்டி குடிப்பது 1.2 லிட்டர், பாட்டில் 1 லிட்டர். அந்த 200 மில்லிக்கு இன்னொரு பாட்டில்! மிச்சம் 800 மில்லி பரணில், போன தடவை மிச்சத்துக்குப் பக்கத்தில்.

அப்புறம் பில்டர். 'ஒரிஜினல்' என்று கொடுத்த அட்டைப் பெட்டிக்குள் ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கே இல்லை. மெக்கானிக் தம்பி தட்டையாகிப்போன பழைய ரப்பரைத் துடைத்து மாட்டிவிட்டு, "ஒண்ணும் ஆகாதுண்ணே" என்றான். காலையில் வாசல் கோலத்தின் நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.