வால்நட் கப்பலில் வந்தவர்களும் தோர்ன்கிளிஃப் பார்க்கில் இருப்பவர்களும்

எங்கட ஈழத்தமிழ் ஆக்களிடம் ஒரு பழக்கம் இருக்கு. கனடாவுக்கு வந்து இருபது முப்பது வருசம் போய், சொந்தமா ஒரு வீடும் வாங்கியாச்சென்றால், அடுத்து வருகிற அகதிக்குப் புள்ளி போடத் தொடங்கிவிடுவோம்.

அப்படிப் புள்ளி போட்ட பதிவொன்று அண்மையில் கண்ணில் பட்டது. சுருக்கம் இதுதான்: எஸ்தோனியாக்காரனும் அகதியாத்தான் வந்தவன், இன்றைக்கு ரொறன்ரோவில் கட்டடமும் கடன் சங்கமுமாக நல்லா இருக்கிறான். ஆப்கானியன் நாற்பது வருசமா வந்துகொண்டே இருக்கிறான், இன்னும் தோர்ன்கிளிஃப் பார்க் அடுக்குமாடியில்தான். ரெண்டு பேரும் ரஷ்யனுக்குத் தப்பி ஓடினவைதானே, பிறகேன் இந்த வித்தியாசம்? எல்லாம் கலாசாரம்.

எழுதியவர் படித்த மனிதர். லைக்கும் குவிந்து கிடந்தது. அதனால்தான் சும்மா விட மனம் வரவில்லை.

கனடாவில் இந்த இரண்டு சமூகங்களையும் வருமானத்திலோ, சொந்த வீட்டிலோ, படிப்பிலோ அளந்தால் எஸ்தோனியர் மேலேதான் நிற்பார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. யாரை, எந்த வருசத்தில், எந்த வாசலால் உள்ளே விட்டார்கள் என்று கேட்காமல் அளப்பதில்தான் சண்டை.

1944 இலையுதிர் காலத்தில் சோவியத்தின் செம்படை திரும்பி வருகிறதென்று தெரிந்ததும், பால்டிக் கடலோரச் சிறு நாடான எஸ்தோனியாவிலிருந்து சுமார் 70 ஆயிரம் பேர் மேற்கே ஓடினார்கள். மூன்று வருசத்துக்கு முன்னால், 1941 ஜூனில், ஒரே வீச்சில் பல்லாயிரம் பேரைச் சைபீரியாவுக்கு ஏற்றியதைக் கண்ட சனம் அது. பாதி பேர் ஜெர்மனிப் பக்கம் போனார்கள். 25 ஆயிரம் பேரளவில் மீன்பிடிப் படகுகளில் பால்டிக் கடலைத் தாண்டிச் சுவீடனில் இறங்கினார்கள். சுவீடனில் வேலை கிடைத்தது, நித்திரைதான் கிடைக்கவில்லை. 1946 ஜனவரியில் சுவீடன் அரசு தன்னிடம் இருந்த 146 பால்டிக் படைவீரர்களைச் சோவியத்திடம் கையளித்தது. பெரும்பாலானோர் லாத்வியர், சிலர் எஸ்தோனியர். அடுத்தது நாங்களோ என்ற பயம் எல்லோருக்கும் பிடித்துக்கொண்டது.

பிறகு அவர்கள் செய்தது எங்களுக்கு நல்லாப் பழக்கமான வேலை. காசு சேர்த்துப் பழைய கப்பல்களை வாங்கினார்கள். 'வால்நட்' என்பது போர்க்காலத்தில் கண்ணிவெடி அகற்றிய சிறு கப்பல். ஒரு சில பத்து மாலுமிகளுக்கென்று கட்டியது. அதில் ஆளுக்கொரு பங்கு போட்டு, பலகை அடித்துப் படுக்கை தட்டி, 347 பேர் ஏறினார்கள், பெரும்பாலும் எஸ்தோனியர். கனடா விசா இல்லை. குளிர்கால அட்லாண்டிக். 1948 டிசம்பர் 13 அன்று ஹலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வந்து நின்றார்கள்.

இந்த இடத்தில் எங்கட ஆக்கள் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும். 2010 ஆகஸ்டில் இலங்கைத் தமிழரை ஏற்றிய 'சன் சீ' கப்பல் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தபோது அதில் இருந்தவர்கள் 492 பேர். விசா இல்லை, கப்பல் பழசு, ஏறியவர்கள் காசு கொடுத்தவர்கள். கடலில் இருந்தவரைக்கும் இரண்டு கப்பலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கரை தட்டிய பிறகுதான் கதை பிரிகிறது. வால்நட் ஆட்களையும் பிடித்து வைத்து விசாரித்தார்கள்தான். ஆனால் மந்திரிசபை ஆணை போட்டுப் பெரும்பாலானோரை ஏற்றுக்கொண்டார்கள். பத்திரிகைகள் அந்தக் கப்பல்களை 'வைக்கிங் படகுகள்' என்று வீரக்கதையாக எழுதின. சன் சீ ஆட்கள் மாதக்கணக்கில் தடுப்பில் கிடந்தார்கள், சிலர் ஒரு வருசத்துக்கும் மேலே. அவர்களைக் காட்டியே 2012-ல் அகதிச் சட்டத்தையும் இறுக்கினார்கள்.

1948 கனடாவுக்கு எப்படிப்பட்ட ஆட்கள் தேவைப்பட்டார்கள் என்பதில் ஒளிவுமறைவு இருக்கவில்லை. பிரதமர் மக்கன்ஸி கிங் 1947 மே 1 அன்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார்: பெருமெடுப்பிலான குடிவரவால் நாட்டு மக்கள்தொகையின் அடிப்படைத் தன்மை மாறுவதைக் கனடிய மக்கள் விரும்பவில்லை என்று. கிழக்கத்திய நாட்டார் வேண்டாம் என்பதுதான் அதன் பொருள். 1951 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 150 பேர், பாகிஸ்தானுக்கு 100, எங்கட இலங்கைக்கு 50 என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். முழு இலங்கைக்கும் ஒரு வருசத்துக்கு 50. வால்நட் ஒரு தடவையில் இறக்கியது அதைப்போல ஏழு மடங்கு.

எஸ்தோனியர் வந்தவுடனேயே சொகுசாக இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஜெர்மனி முகாம்களிலிருந்து எடுக்கப்பட்டவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்து மரம் வெட்டப் போனார்கள், சுரங்கத்துக்குப் போனார்கள், பெண்கள் வீட்டு வேலைக்குப் போனார்கள். படித்தவர்களும்தான். ஆனால் அந்த ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தபோது கனடா கட்டிக்கொண்டிருந்தது. ரொறன்ரோவின் முதல் சுரங்க ரயில் 1954-ல் ஓடியது. புறநகர் பெருகிக்கொண்டே போனது. தச்சு வேலை தெரிந்தவனுக்கும் கணக்கு எழுதத் தெரிந்தவனுக்கும் வேலை இருந்தது. அந்தச் சம்பளத்தில் வீடும் வாங்க முடிந்தது. தாலினில் பிறந்து அகதியாக வந்த உனோ ப்ரீ ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தார். ரொறன்ரோவின் அனெக்ஸ் பகுதியில் வளைந்து நெளிந்து நிற்கும் வெள்ளை அடுக்குமாடிகளைப் பார்த்திருப்பீர்கள், அவை அவருடைய கைவண்ணம்.

அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. 1954-லேயே சொந்தக் கடன் சங்கம் தொடங்கிவிட்டார்கள். கனடிய வங்கிக்காரன் முகம் பார்த்துக் கடன் தர யோசிக்கிற நேரத்தில், தங்களுக்குள்ளேயே வீட்டுக் கடன் கொடுத்துக்கொண்டார்கள். 1960-ல் ப்ரோட்வியூ வீதியில் எஸ்தோனிய இல்லம். 1970-ல் பிளோர் வீதியில் 'தார்த்து கல்லூரி' என்று 18 மாடி மாணவர் விடுதி. அதை வரைந்த எல்மார் தாம்போல்டும் அகதிதான். விடுதி வாடகையில் வந்த வருமானம் பிற்பாடு ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் எஸ்தோனிய ஆய்வு இருக்கை அமையவும் உதவியது. எங்கட சங்கங்கள் கலைநிகழ்ச்சிக்கு மண்டபம் எடுக்கிற காசைக் கூட்டிப் பார்த்தால் எத்தனை மாடி கட்டியிருக்கலாம் என்று எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. அது வேறு பதிவு.

புள்ளி போடுகிறவர்கள் கவனிக்காமல் விடுகிற கணக்கு ஒன்று இருக்கிறது. எஸ்தோனியருக்குப் பின்னால் கதவு பூட்டப்பட்டது. வால்நட் ஆட்கள் கனடாவில் கால் வைத்துச் சில மாதங்களில், 1949 மார்ச்சில், சோவியத் அரசு எஸ்தோனியாவிலிருந்து இன்னும் 20 ஆயிரம் பேரைச் சைபீரியாவுக்கு அனுப்பியது. அதன்பின் 1991 வரை அங்கிருந்து யாரும் லேசில் வெளியே வர முடியவில்லை. மனிசியைக் கூப்பிட முடியாது, தம்பியைக் கூப்பிட முடியாது. எவ்வளவு பெரிய துயரம் அது! ஆனால் வருமானக் கணக்கில் அதன் விளைவு என்ன தெரியுமா? 2016 கணக்கெடுப்பில் தங்களை எஸ்தோனிய வம்சம் என்று சொன்ன சுமார் 24 ஆயிரம் பேரில் மிகப் பெரும்பாலோர் இங்கே பிறந்தவர்கள், பேரப்பிள்ளைகள். புதிதாக வந்து தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட் அடிக்கிறவர் அந்தக் கணக்கில் அநேகமாக இல்லை.

ஆப்கானியர் கணக்கு நேர் எதிர். அதே 2016-ல் சுமார் 84 ஆயிரம் பேர். 1979 டிசம்பர் சோவியத் படையெடுப்பில் ஒரு அலை. 1992-ல் சோவியத் ஆதரவில் ஆண்ட நஜிபுல்லா விழுந்து காபூல் ஆயுதக் குழுக்களின் கையில் சிதறியபோது ஒன்று. 1996-ல் தலிபான் பிடித்தபோது இன்னொன்று. தலிபான் காபூலை மறுபடி பிடித்த 2021 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு கனடா 40 ஆயிரம் பேரை எடுப்பதாகச் சொல்லி, 2023-ல் அந்தத் தொகையையும் தாண்டியது. ஒவ்வொரு அலையும் முந்தையது கொஞ்சம் நிமிரும் நேரத்தில் வருகிறது. சராசரி எப்போதும் கீழேயே நிற்கிறது. சராசரி நிற்கிறது, ஆட்கள் ஏறுகிறார்கள். தோர்ன்கிளிஃப் பார்க்கில் பத்து வருசத்துக்கு முன் இருந்த குடும்பம் இன்றைக்கு அங்கே இல்லை, வேறெங்கோ வீடு வாங்கிப் போய்விட்டது. அந்தக் கதவுக்குள் இப்போது இருப்பது போன வருசம் வந்த குடும்பம்.

சம்பளம் வந்தவுடன் அதில் ஒரு பங்கு காபூலுக்கோ ஹெராத்துக்கோ போகிறது. ஹவாலா. வங்கிக்குப் போகாமல் ஆள் மூலம் காசு அனுப்புகிற எங்கட உண்டியல்தான், பெயர்தான் வேறு. தொண்ணூறுகளில் இரண்டு வேலை செய்து, ஒரு வேலைச் சம்பளத்தை உண்டியலில் போட்டவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. எஸ்தோனியர் பார்சல் அனுப்பினார்கள், மாதாமாதம் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பு அவர்கள் தலையில் விழவில்லை. அனுப்ப வழியும் இல்லை.

கலாசாரம் என்று சொல்வதில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அதைப் படிப்பு என்று சொல்லுங்கள், அப்போது வருசமும் காரணமும் வெளியே வரும். எஸ்தோனியாவில் தார்த்துப் பல்கலைக்கழகம் 1632-ல் தொடங்கியது. லூத்தரன் சபையில் உறுதிபூசுதல் (சபையில் முழு உறுப்பினராகும் சடங்கு) பெற வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் பண்ணைக் கூலிகளின் பிள்ளைகளும் வாசித்தார்கள். 1897 ரஷ்யப் பேரரசின் கணக்கெடுப்பிலேயே 90 சதவீதத்துக்கு மேல் வாசிக்கத் தெரிந்தவர்கள். 1948-ல் கப்பல் ஏறியது நூறு வருசமாக வாசித்த ஒரு சனம், அதிலும் ஓட வேண்டிய கட்டாயம் அதிகம் இருந்த படித்த வர்க்கம்.

ஆப்கானியப் பெண் ஒருத்தி 1996-ல் எட்டு வயதாக இருந்திருந்தால், அவள் பள்ளிக்குப் போயிருக்க வேண்டிய ஐந்து வருசத்தைத் தலிபான் தின்றுவிட்டது. அவளுக்கு இப்போது நாற்பது வயது நெருங்குகிறது. அவள் இங்கே வந்து வேலைக்குப் போகவில்லை என்று புள்ளி குறைக்கிறீர்கள். ஈரானில் பிறந்து வளர்ந்த ஆப்கானியருக்கோ அங்கே பிறந்தாலும் குடியுரிமை இல்லை. கனடிய அமைச்சராக இருந்த மரியம் மொன்செஃப் ஆப்கானிஸ்தானில் பிறந்தவர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிறந்தது ஈரானின் மஷாத் நகரில் என்று 2016-ல் தெரியவந்தபோது பெரிய அமளியானது. அவர் அப்போதும் ஆப்கானியர்தான், மஷாத்தில் பிறந்ததால் ஈரான் அவரை ஈரானியர் ஆக்கிவிடவில்லை. அதே நேரம் காபூலில் மருத்துவம் படித்தவர்களும் இங்கே வந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் உரிமம் எடுக்க முடியாமல் டாக்ஸி ஓட்டினார்கள். அந்த இழப்பை எந்தக் கலாசாரத்தின் கணக்கில் எழுதுவது?

எனக்குப் பிடித்த சாட்சி பின்லாந்தில் இருக்கிறது. ஹெல்சிங்கிக்கும் தாலினுக்கும் இடையில் 80 கிலோமீட்டர் கடல், கப்பலில் இரண்டு மணித்தியாலம். 2004-ல் எஸ்தோனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு சுமார் 50 ஆயிரம் எஸ்தோனியக் குடிமக்கள் பின்லாந்தில் குடியேறினார்கள். அங்கே அவர்கள் கடன் சங்கமும் 18 மாடிக் கட்டடமும் வைத்திருக்கும் சமூகமில்லை. கட்டட வேலை, துப்புரவு, பஸ் ஓட்டுவது. திங்கட்கிழமை கப்பலில் வந்து, வெள்ளிக்கிழமை கப்பலில் வீட்டுக்குப் போகிற ஆண்கள், ஊரில் அம்மம்மாவுடன் வளர்கிற பிள்ளைகள். டாக்டர்களும் போனார்கள்தான், ஆனால் ஃபின்லாந்துக்காரர் மனதில் எஸ்தோனியன் என்றால் முதலில் வருவது கட்டடத் தொழிலாளிதான். அதே இனம், அதே மொழி, அதே லூத்தரன் கோயில். ரொறன்ரோவில் மேல்தட்டு, ஹெல்சிங்கியில் தலைக்கவசம் போட்ட கூலி. கலாசாரம் எந்தக் கடலில் விழுந்தது?

பின்லாந்திலும் ஆப்கானியர் இருக்கிறார்கள். 2015-ல் அங்கே 32 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தஞ்சம் கேட்டபோது அதில் 5 ஆயிரத்துச் சொச்சம் ஆப்கானியர். வேலையில் இருப்போர் விகிதத்தில் எஸ்தோனியர் அவர்களை விட வெகுதூரம் முன்னால். அதிலே என்ன அதிசயம்? மொழி பின்னிஷுக்கு நெருங்கிய உறவு. வடக்கு எஸ்தோனியாவில் சோவியத் காலத்திலேயே ஆன்டெனாவைத் திருப்பிப் பின்னிஷ் டிவி பார்த்து வளர்ந்தவர்கள். வேலை அனுமதிப் பத்திரம் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, வேலை போனால் எஸ்தோனியன் கப்பல் ஏறிவிடுகிறான். பின்லாந்தின் கணக்கேட்டிலிருந்து அவனுடைய வேலையின்மை அவனோடே தாலினுக்குப் போய்விடுகிறது. ஊரில் சம்பளம் கூடியதும் பலர் திரும்பியும் போனார்கள். ஆப்கானியனுக்கு ஏற எந்தக் கப்பலும் இல்லை. கேஸ் முடியும்வரை காத்திருப்பான், மறுத்தால் மறுபடி போடுவான், அந்தக் காத்திருப்பெல்லாம் வேலையில்லாதவன் என்றே பதிவாகும்.

இரண்டு நாட்டுக்கும் தொடர்பே இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். எண்பதுகளில் ஆப்கானிஸ்தானில் சண்டையிட்ட சோவியத் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட எஸ்தோனியப் பையன்களும் இருந்தார்கள். பிறகு நேட்டோ நாடாக எஸ்தோனியா ஆப்கானிஸ்தானில் ஒன்பது வீரர்களை இழந்தது. கனடா இழந்தது 158 பேரை. கனடியப் படைக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தவர்களின் குடும்பங்கள்தான் 2021-க்குப் பிறகு வந்தவர்களில் ஒரு பகுதி.

ஒப்பிடத்தான் வேண்டுமென்றால் ஒழுங்காக ஒப்பிடுங்கள். 1992-க்கும் 2001-க்கும் இடையில் வந்த ஆப்கானியரின், கனடாவில் பள்ளிக்குப் போன பிள்ளைகளை ஒரு பக்கம் வையுங்கள். 1949-ல் இறங்கிய எஸ்தோனியரின் பிள்ளைகள் வந்து அதே அளவு வருசம் ஆனபோது எங்கே நின்றார்கள் என்று மறுபக்கம் வையுங்கள். அப்போதும் ரொறன்ரோ வீட்டு விலையைக் கழித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

பின்னூட்டத்தில் கலாசாரம் என்று எழுத வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மீட்கப்பட்டார்கள். இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னவர்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் என்று பிறகு தெரிந்தது. அந்த மாதப் பத்திரிகைகளில் எங்களைப் பற்றி என்னென்ன எழுதினார்கள் என்று நூலகத்தில் எடுத்து வாசித்துவிட்டு வாருங்கள், கதைப்போம்.