குதிரைக்கு எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?

சித்தி மகள் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். "அக்கா, லீவுக்குக் காஷ்மீர் போறோம். பஹல்காம், சோன்மார்க் ரெண்டுலயும் குதிரை சவாரி இருக்காமே. நீ போயிட்டு வந்தவ, எவ்வளவு குறைச்சுக் கேக்கலாம்னு சொல்லு. பாதிக்குப் பாதி கேக்கணும்னு யூட்யூப்ல சொல்றாங்க."

பதில் எழுத உட்கார்ந்தேன், அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போனது. அவளுக்கு மட்டும் சொல்லி என்ன, லீவு வந்தால் பாதி ஊர் அங்கேதான் கிளம்புகிறது. அதனால் இங்கேயே போட்டுவிடுகிறேன்.

முதலில் பதில்: குறைத்துக் கேட்காதே. ஏன் என்பது கொஞ்சம் பெரிய கதை.

2024 மே மாதம் திருச்சியிலிருந்து 14 பேர் போனோம். எங்கள் வீடு, நாத்தனார் வீடு, அவர்களுக்குத் தெரிந்த இரண்டு குடும்பம். எங்களில் யாருக்கும் குதிரையோடு பழக்கம் கிடையாது. எங்களுக்குக் குதிரை என்றால் அய்யனார் கோயில் வாசலில் நிற்கிற மண்குதிரைதான். மிஞ்சிப்போனால் கொடைக்கானல் ஏரிக்கரையில் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு ரவுண்டு. அதைச் சவாரிக் கணக்கில் சேர்க்க முடியாது; சமதளம், தார் ரோடு, பத்து நிமிஷம்.

பஹல்காம் அப்படி இல்லை. சுமார் 7,200 அடி உயரத்தில், லிடர் ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். ஆரு, சந்தன்வாடி, பேத்தாப் பள்ளத்தாக்கு எல்லாவற்றுக்கும் உள்ளூர் டாக்ஸியிலேயே போய்விடலாம். ஊருக்கு மேலே ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கிற பைசரன் புல்வெளிக்கு மட்டும் வண்டி ஏறாது. நடக்க வேண்டும், இல்லையென்றால் குதிரை. போகிற வழியில் பள்ளத்தாக்கு நன்றாகத் தெரிகிற ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு பெயர் வைத்து, "பாயின்ட்" என்று எண்ணித்தான் ரேட் பேசுவார்கள். நாலு பாயின்ட், ஆறு பாயின்ட். ஹோட்டலில் இட்லி செட் சொல்வதைப் போலத்தான்.

குதிரை ஸ்டாண்டில் ரேட் போர்டு இருந்தது. எங்கள் டூர் ஏற்பாட்டாளர் அதைப் பார்க்கவே வேண்டாம் என்றார். நாத்தனார் வீட்டுக்காரர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன், வங்கியில் இருந்து ரிட்டையர் ஆனவர். காந்தி மார்க்கெட்டில் வெங்காயத்துக்கே அரை மணி நேரம் நிற்கிற மனுஷன். விடுவாரா? இரண்டு பேரும் சேர்ந்து முக்கால் மணி நேரம் பேசி, போர்டில் இருந்ததற்குத் தலைக்கு முந்நூறு ரூபாய் குறைத்துவிட்டார்கள். நாங்களும் கைதட்டாத குறை. அந்த முந்நூறு எங்கிருந்து வந்தது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

ஆள் குறைந்தது. அவ்வளவுதான். 14 குதிரைக்கு 5 ஆள். ஒருவர் கையில் இரண்டு கயிறு, மூன்றாவது குதிரை முன்னால் போகிற குதிரையின் சேணத்தோடு கட்டப்பட்டிருந்தது. சில குதிரையைச் சும்மாவே விட்டிருந்தார்கள். "அதுக்கு வழி தெரியும் தீதி" என்றார் எங்களோடு வந்த குதிரைக்காரர். தீதி என்றால் அக்கா. உண்மைதான், வழி தெரிந்தது. வழி தெரிவது மட்டும் போதாது என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது.

யாருக்கு எந்தக் குதிரை என்று அவர் பிரித்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். எங்களை வரிசையாக ஒரு பார்வை பார்த்தார். கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி. ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்தாவது படிக்கிற பிள்ளைக்குச் சின்ன வெள்ளைக் குதிரை. எனக்கு ஒரு பழுப்பு, பெயர் பாதல் என்றார். மேகம் என்று அர்த்தம். அண்ணாவுக்குக் கூட்டத்திலேயே தடியாக இருந்தது. வீட்டு எடை மெஷின் பத்து வருஷமாகச் சொல்லத் தயங்குகிற விஷயத்தை அந்த மனுஷர் பத்து நொடியில் சொல்லிவிட்டார்.

ஏறியபின் இரண்டே பாடம். "சடாயி மே ஆகே, உத்ராயி மே பீச்சே." ஏற்றத்தில் முன்னால் சாய், இறக்கத்தில் பின்னால் சாய். இன்னொன்றும் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நானே பின்னால் தெரிந்துகொண்டது. அங்கவடிக்குள், அதாவது சேணத்தில் தொங்குகிற கால் வைக்கும் வளையத்துக்குள், பாதம் முழுவதையும் நுழைக்கக் கூடாது. முன்பாதம் மட்டும், குதிகால் கீழே இறங்கியிருக்க வேண்டும். விழுந்தால் கால் மாட்டிக்கொள்ளாமல் இருக்க அதுதான் வழி. வாடகைக்குத் தருகிற கம்பூட் எல்லாம் இரண்டு சைஸ் பெரிசு, உள்ளே நுழைந்தால் வெளியே வராது.

முதல் ஏற்றம் தேவதாரு மரங்களுக்கு நடுவில். முந்தின நாள் மழை. பாதை என்று சொல்வது மரியாதைக்கு. வேரும் பாறையும் சேறும். பாதல் ஒவ்வொரு அடிக்கும் காலை வைத்துப் பார்த்து, அழுத்திப் பார்த்து, அப்புறம்தான் எடையைப் போட்டது. எனக்குத் தொடைக்குக் கீழே அதன் விலா எலும்பு விரிந்து சுருங்குவது தெரிந்தது. மேலே இருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் விரிகிறது, கீழே லிடர் பால் மாதிரி நுரைத்துக்கொண்டு ஓடுகிறது. என் கண் மட்டும் பாதலின் காதை விட்டு நகரவில்லை. காது முன்னால் இருந்தால் குதிரை கவனமாக இருக்கிறது என்று எங்கோ படித்திருந்தேன். பின்னால் ஒட்டிக்கொண்டால் கோபம் அல்லது வலி. அண்ணாவின் குதிரைக்குக் காது பின்னாலேயே இருந்தது. சொன்னேன். "அதுக்கு என்னைப் புடிக்கல போல" என்று சிரித்தார்.

நடந்தது இதுதான். சேணத்தை வயிற்றைச் சுற்றி வாரால் இறுக்கும்போது குதிரை மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக்கொள்ளும். எல்லாக் குதிரையும் இல்லை, பழகின குதிரைகள் பல. பத்து நிமிஷம் நடந்ததும் மூச்சு தளர்ந்து வயிறு உள்வாங்கும், வார் தொளதொளக்கும். அதனால் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். குதிரைக்கு ஓர் ஆள் இருந்தால் கேட்காமலே செய்வார். எங்கள் அண்ணா குதிரைக்கு ஆளே இல்லை. ஒரு திருப்பத்தில் சேணம் அப்படியே பக்கவாட்டில் நழுவியது. அண்ணா மெதுவாக, ஏதோ கட்டிலில் புரண்டு படுக்கிற மாதிரி, சேற்றில் இறங்கிப் படுத்தார். நல்லவேளை, அடி இல்லை. முழங்கையில் கீறல், மானத்தில் கொஞ்சம். குதிரை ஓடவில்லை, அங்கேயே நின்றது. இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

மறுபடி கட்டுவதற்காகச் சேணத்தைக் கழற்றினார்கள். சேணத்துக்கு அடியில் விரித்திருந்த கம்பளி உடனே வரவில்லை, ஒட்டியிருந்தது. இழுத்தபோது குதிரையின் தோல் அலை மாதிரி நடுங்கியது. பிடரி முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டில் ஐந்து ரூபாய்க் காசு அளவில் இரண்டு புண். சுற்றிலும் மஞ்சள் பூசியிருந்தார்கள். புதுசு இல்லை. அதன் மேல்தான் இவ்வளவு நேரம் 94 கிலோ உட்கார்ந்து வந்திருக்கிறது.

யாரும் பேசவில்லை. அண்ணாதான் முதலில், "நான் நடந்து வரேன்பா" என்றார்.

ஊருக்கு வந்து தேடிப் படித்தேன். குதிரை சவாரி தெரிந்தவர்கள் உலகம் முழுக்க வைத்திருக்கிற கணக்கு ஒன்று இருக்கிறது. குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை கூடாது, அதில் சேணமும் சேர்த்தி. மலையில் நாம் ஏறுகிற மட்டக்குதிரை 250 கிலோ என்று வைத்தால் 50 கிலோ. இந்தக் கணக்குப்படி எங்கள் 14 பேரில் தேறினது அந்தப் பத்தாவது படிக்கிற பிள்ளை ஒருத்திதான். கணக்கு ரொம்பக் கறார் என்று தோன்றினால் நம் நாட்டு விதியைப் பாருங்கள். சுமை விலங்குகளுக்கென்று 1965-ல் போட்டது, கொஞ்சம் தாராளம். மட்டக்குதிரைக்கு 70 கிலோ. ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் கூடாது என்றும் அதில் இருக்கிறது. நான் 76. அதிலும் ஃபெயில்.

இதைச் சொன்னால் உடனே ஒரு கூட்டம் வரும், "அப்ப ஏறவே கூடாது, பாவம், புறக்கணிப்போம்" என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எங்களோடு வந்தவர் குதிரைக்குச் சொந்தக்காரர் இல்லை. இன்னொருவர் குதிரையை நடத்துகிறவர், நடைக்கு இவ்வளவு என்று கூலி. பனி விழுந்தால் நாலைந்து மாசம் வேலை இல்லை என்றார். அமர்நாத் யாத்திரை சமயத்தில்தான் கையில் நாலு காசு புரளுமாம். அந்த நாலைந்து மாசமும் குதிரை தின்னத்தான் செய்யும். சம்பாதிக்காத குதிரையைப் புல்வெளியில் விட்டுக் கொஞ்சுவதற்கு அவர் வீட்டில் வசதி இல்லை. நாம் வீட்டில் உட்கார்ந்து நல்லவர்களாக இருப்பதால் அந்தப் புண் ஆறப்போவதில்லை. பணம் கொஞ்சம் கூடுதலாக வந்தால், அது ஆறுகிற வரை அந்தக் குதிரைக்கு ஒரு வாரம் லீவு கொடுக்க ஒருவேளை மனசு வரலாம். ஒருவேளைதான். சத்தியம் செய்ய முடியாது.

பேரம் விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. பேரத்தில் குறைகிற காசு முதலாளி பங்கிலிருந்து குறையாது. ஆளைக் குறைப்பார்கள், இல்லையென்றால் நடையைக் கூட்டுவார்கள். காலையில் உங்களைக் கூட்டிப்போன குதிரையே மத்தியானம் இன்னொரு குடும்பத்தோடு மறுபடி ஏறும். சேலையில் பேரம் பேசினால் கடைக்காரர் லாபம் குறையும். இங்கே குறைவது உங்கள் பக்கத்தில் கயிறு பிடித்து நடக்கிற ஆள்.

அந்த ஆள் யார் என்று நமக்கெல்லாம் தெரிந்தது 2025 ஏப்ரல் 22-ஆம் தேதி. அதே பைசரன். டிவியில் அந்தப் புல்வெளியைக் காட்டியபோது என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். தீவிரவாதிகள் சுட்டதில் 26 பேர் செத்துப்போனார்கள், அதில் ஒருவர் உள்ளூர்க் குதிரைக்காரர். வண்டி ஏறாத பாதை என்று சொன்னேனே, அந்தப் பாதையில் அடிபட்டவர்களைக் குதிரையிலும் தங்கள் முதுகிலும் சுமந்துகொண்டு இறங்கினவர்கள் இதே ஆட்கள்தான். நாங்கள் வெறும் கையோடு இறங்கவே தடுமாறின சேறு அது. எங்களோடு வந்தவர் அன்றைக்கு அங்கே இருந்தாரா என்று நினைத்துப் பார்ப்பேன். அவர் போன் நம்பர் வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை எங்களுக்கு. முந்நூறு ரூபாய் குறைக்கத் தோன்றியது.

சரி, நாங்கள் இறங்கின கதைக்கு வருகிறேன். இறக்கத்தில் நானும் இறங்கி நடந்தேன். நின்றுகொண்டிருக்கும்போதே குதிரையின் எடையில் பாதிக்கு மேல், அறுபது சதவீதம் போல, முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. இறக்கத்தில் நாமும் சேர்ந்து முன்னால் சரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நம்ம முழங்காலே மாடிப்படி இறங்கும்போதுதானே அழுகிறது. நான் இறங்கியதும் குதிரைக்காரர் பதறிப்போனார். "என்ன ஆச்சு தீதி? ஏறுங்க, கீழ பார்த்தா என்னைத் திட்டுவாங்க." காசு கொடுத்தவர் நடந்து வந்தால் புகார் என்று அர்த்தமாம். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், புகார் இல்லை, என் மூட்டுக்கு நல்லது என்றேன். நம்பவில்லை. கடைசி நூறு மீட்டருக்கு என்னை மறுபடி ஏற்றிவிட்டுத்தான் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனார்.

எனவே என் தங்கச்சிக்கு அனுப்பின பதில் இது. பைசரன் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மூடப்பட்டது, எது திறந்திருக்கிறது என்று கிளம்பும் முன் விசாரித்துக்கொள். ஆருவில் ஏறினாலும் சரி, சோன்மார்க்கில் தாஜிவாஸ் பனிமலைப் பக்கம் ஏறினாலும் சரி, போர்டில் உள்ளதைக் கொடு, அதற்குப் பதிலாகக் குதிரைக்கு ஓர் ஆள் கேள். பேரம் பேசியே ஆக வேண்டும் என்று கை அரித்தால் அதற்குப் பேசு. ஏறும் முன் கம்பளியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொல்; புண் இருந்தால் வேறு குதிரை. முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். பத்து நிமிஷம் கழித்து வாரை இறுக்கச் சொல். செங்குத்தான இறக்கத்தில் இறங்கி நட, கம்பூட்டை உன் சைஸுக்குப் பார்த்து வாங்கு. டிப்ஸைக் கயிறு பிடித்தவர் கையிலேயே கொடு, ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பவரிடம் இல்லை.

கடைசியாக, "உன் எடை எவ்வளவு, மாப்பிள்ளை எடை எவ்வளவுன்னு சொல்லு, ஏறலாமா வேணாமான்னு சொல்றேன்" என்று கேட்டிருந்தேன்.

நீல டிக் விழுந்து நாலு நாள் ஆகிறது.